லண்டன் தோட்டத்துப் பச்சைக்கிளிகள்: எங்கிருந்து வந்தன, தீனி வைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் ட்விக்கனமுக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. சிறு பறவைகளுக்காகக் கடலை போட்டுத் தோட்டத்தில் தொங்கவிட்ட கம்பிக் கூட்டில் தினமும் ஐந்தாறு பச்சைக்கிளிகள் வந்து தலைகீழாகத் தொங்குகின்றன. இது நம் ஊர்க் கிளியேதானா, யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பியவையா, யாரிடமாவது தெரிவிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "அதுகளுக்குத் தீனி வைக்காதீர்கள், இங்கத்துப் பறவைகளை ஒழித்துவிடும்" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதையும் போகிற போக்கில் சேர்த்திருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. கிளிக்குக் கடலை வைப்பது தப்பா என்பதுதான் கேள்வி. அதற்குப் போகும் வழியில் மற்றவற்றையும் பார்த்துவிடலாம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்கேற்ப என் பேச்சை எடைபோட்டுக்கொள்ளுங்கள். நான் ஆய்வுக்கூடத்து ஆள் இல்லை. மேற்கு லண்டனில் நீண்ட காலமாகப் பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராக இருக்கிறேன். பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை ஒவ்வொருவரிடமும் ஒரு சதுரக் கிலோமீட்டரை ஒப்படைக்கும். கூடு கட்டும் பருவத்தில் இரண்டு முறை காலையில் அதே தடத்தில் நடந்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் குறித்து அனுப்ப வேண்டும். என் தடத்தில் கிளிச் சத்தம் இல்லாத காலை ஒன்றுகூட இப்போது கிடைப்பதில்லை. ஆனால் நான் பார்ப்பது லண்டனின் ஒரு மூலையைத்தான். ஆகவே ஆய்வு முடிவு வரும் இடத்தில் அது யாருடையது என்று சொல்வேன், என் அனுமானம் வரும் இடத்தில் அனுமானம் என்றே சொல்லிவிடுவேன்.

முதலில் அடையாளம். ஆம், நம் ஊர்ப் பச்சைக்கிளியின் இனமேதான், சிட்டாக்குலா கிராமெரி. வளர்ந்த ஆணுக்குக் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த ஆரம் இருக்கும். பெண்ணுக்கும் குஞ்சுகளுக்கும் அது இருக்காது. ஆணுக்கே ஆரம் தெளிவாக விழ மூன்று வயது வரை ஆகலாம். அதனால் உங்கள் கூட்டத்தில் ஒன்றிரண்டுக்கு மட்டும் ஆரம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஊரில் கிளியை உற்றுப் பார்த்துப் பழகியவராக இருந்தால் அலகில் ஒரு வேறுபாட்டையும் கவனித்திருப்பீர்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள துணையினத்துக்கு மேலலகு சிவப்பு, கீழலகு கறுப்பு. வடஇந்தியத் துணையினத்துக்குக் கீழலகும் சிவந்திருக்கும். லண்டனில் சிவந்த கீழலகு நிறையக் காணலாம். ஆனால் இங்கே இருப்பவை பல வழிகளில் வந்து தலைமுறை தலைமுறையாகக் கலந்தவை. அலகை மட்டும் பார்த்து ஒரு பறவையின் பூர்வீகத்தைச் சொல்ல நான் துணியமாட்டேன். இன்னொன்று: புல்வெளியில் தரையில் நின்று எறும்பு பொறுக்கும் பச்சைப் பறவையைப் பார்த்தால் அது கிளி இல்லை, பச்சை மரங்கொத்தி. அதற்கு உச்சந்தலை சிவப்பு, பறக்கும்போது பிட்டம் மஞ்சளாகத் தெரியும், குரல் யாரோ உரக்கச் சிரிப்பதுபோல் இருக்கும். புதிதாக வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

எங்கிருந்து வந்தன என்பதற்கு லண்டனில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். 1951இல் வெளிவந்த 'தி ஆப்பிரிக்கன் குவீன்' படப்பிடிப்புக்காக ஐசல்வர்த் ஸ்டுடியோவில் கொண்டுவந்து வைத்திருந்த கிளிகள் தப்பிவிட்டன என்பது ஒன்று. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1960களின் பிற்பகுதியில் கார்னபி தெருவில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார் என்பது இன்னொன்று. இதைச் சொல்பவர்கள் அந்த ஜோடிக்கு ஆதாம், ஏவாள் என்று பெயர்கூடச் சொல்வார்கள். 1987 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் கூண்டுகள் உடைந்து பறந்தவை என்பாரும் உண்டு. இந்தப் புயல் கதையைத் தள்ள ஆய்வே தேவையில்லை, நாட்காட்டி போதும். 1983லேயே இந்தக் கிளி பிரிட்டனின் அதிகாரபூர்வப் பறவைப் பட்டியலில் ஏறிவிட்டது. தானாகவே இனம்பெருக்கி நிலைத்துவிட்ட அயல் பறவை என்ற வகையில்தான் அதைச் சேர்த்தார்கள். இன்னும் பின்னால் போனால், நார்ஃபோக்கில் 1855ஆம் ஆண்டே ஒரு கிளி பதிவாகியிருக்கிறது. விக்டோரியா காலத்திலிருந்தே கூண்டுக் கிளிகள் இங்கே வந்துகொண்டும் அவ்வப்போது தப்பிக்கொண்டும் இருந்திருக்கின்றன.

மற்ற இரண்டு கதைகளையும் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேடிக்கையான ஒரு வழியில் சோதித்தார்கள். தொடர் குற்றங்கள் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, குற்றவாளி எந்தப் பகுதியில் குடியிருக்கக்கூடும் என்று கணிக்கும் முறை ஒன்று போலீஸ் துறையில் உண்டு. அதையே கிளிகள் மீது ஏவினார்கள். 1968 முதல் 2014 வரை பதிவான கிளிக் காட்சிகளை எல்லாம் கணக்கில் போட்டுப் பார்த்தபோது, ஐசல்வர்த்தோ கார்னபி தெருவோ தொடக்கப்புள்ளியாக எழவில்லை. முடிவு 2019 டிசம்பரில் வெளியானது. அவர்கள் பழைய செய்தித்தாள்களையும் புரட்டியிருக்கிறார்கள். 1929 முதல் 1931 வரையிலும் மறுபடி 1952இலும் கிளிக் காய்ச்சல் பீதி பரவியிருக்கிறது. கிளியிடமிருந்து மனிதனுக்குத் தொற்றி நுரையீரலைத் தாக்கும் நோய் அது. வீட்டில் கிளி வைத்திருந்தவர்கள் பயந்துபோய் அவற்றை வெளியே விட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஒரே இடத்தில் ஒரே நாளில் நடந்த கதை இல்லை, பல பத்தாண்டுகளில் பல ஜன்னல்கள் வழியாக நடந்தது என்பதை உறுதியாகச் சொல்லலாம். காய்ச்சல் பயத்தில் விடப்பட்டவற்றின் வாரிசுகள்தான் இன்று உங்கள் கடலையைத் தின்கின்றனவா என்பது வேறு. அதற்கு நேரடிச் சான்று இல்லை.

மரபணு ஆய்வு இதைவிட உறுதியான தரையில் நிற்கிறது. கென்ட் பல்கலைக்கழகம் முன்னின்று 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பாவில் இப்போது பறக்கும் கிளிகளின் மூதாதையர் பெரும்பாலும் பாகிஸ்தானையும் இந்தியாவின் வடபகுதியையும் சேர்ந்தவை என்று தெரியவந்தது. அதே ஆய்வு வணிகப் பதிவேடுகளையும் எடுத்துப் பார்த்தது. 1984க்குப் பிறகு மட்டும் மேற்கு ஐரோப்பாவுக்கு 1,46,000க்கும் மேற்பட்ட கிளிகள் இறக்குமதி ஆகியிருக்கின்றன. பறவைக் காய்ச்சல் அச்சத்தில் ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப் பறவை இறக்குமதியை 2005இல் நிறுத்திவைத்து, 2007இல் நிரந்தரமாகத் தடைசெய்தது. அதற்குள் லட்சக்கணக்கில் வந்து இறங்கிவிட்ட சரக்கில் நூற்றுக்கு ஒன்று தப்பினாலும் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிடும். ஹெண்ட்ரிக்ஸ் வேண்டியதில்லை.

வடக்கிலிருந்து வந்தவை என்பதில் உங்கள் இன்னொரு சந்தேகத்துக்கும் விடை இருக்கிறது. பனியில் கிளி எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கிளி என்றால் கோவைக்கொடியும் சோளக்கதிரும் வெயிலும் என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் இமயத்தின் அடிவாரம் வரை வாழும் பறவை இது, குளிர் அதற்குப் புதிதல்ல. அந்த மரபணு ஆய்வும், பூர்வீக இடத்துக் குளிருக்கும் ஐரோப்பாவில் நிலைத்ததற்கும் தொடர்பு இருப்பதாகவே காட்டுகிறது. அதோடு தோட்டம் தோறும் தொங்கும் தீனிக் கூடுகள். ஜனவரியில் வெளியில் பழமும் விதையும் அருகும்போது இவை பெரிய துணை என்பது என் அனுமானம். ஆனாலும் தீனிக் கூடுகளை எல்லாம் அகற்றினால் கிளிகள் மறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஹார்ன்பீம் விதை, ஹாத்தார்ன் பழம், ஆப்பிள் பூ, செர்ரி மொட்டு என்று வருஷம் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

தென்கிழக்கு இங்கிலாந்தில் இவை தொடர்ந்து கூடு கட்டத் தொடங்கியது 1969 வாக்கில். மெதுவாகத்தான் பெருகின. 2000களின் நடுவில் ஈஷரில் ஒரு ரக்பி மைதானத்தை ஒட்டிய பாப்ளர் மரங்களில் மட்டும் சுமார் 7,000 கிளிகள் இரவு தங்கின. 2012இல் பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 8,600 ஜோடிகள் கூடு கட்டுவதாக மதிப்பிட்டார்கள். பிந்தைய மதிப்பீடு 12,000 ஜோடிகள் என்கிறது. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற ஊர்களிலும் கூட்டங்கள் உண்டு. கிளாஸ்கோ விக்டோரியா பூங்காவில் உள்ள சிறு கூட்டம்தான் உலகத்திலேயே வடகோடிக் கிளிக்கூட்டம் என்று சொல்கிறார்கள். அதனால் உங்கள் தோட்டத்துக்கு வருபவை யார் வீட்டிலிருந்தும் தப்பியவை இல்லை. இங்கேயே ஏதோ ஒரு மரப்பொந்தில் பொரிந்தவை.

இனி பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னது. இதில் சற்று நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இரு தரப்பும் கையில் ஓர் ஆய்வை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். கிளி தானாகப் பொந்து குடையாது. மரங்கொத்தி விட்டுப்போனதையோ இயற்கையாக விழுந்த ஓட்டையையோ பிடித்துக்கொள்ளும். ஜனவரியிலேயே பொந்து பார்க்கத் தொடங்கி, பிப்ரவரி, மார்ச்சில் முட்டையிட்டுவிடும். பொந்தில் கூடு கட்டும் நட்ஹாட்ச், ஸ்டார்லிங் போன்ற உள்ளூர்ச் சிறு பறவைகள் வீடு தேடிக் கிளம்பும்போது நல்ல பொந்துகளில் ஏற்கெனவே ஆள் இருக்கும். பெல்ஜியத்தில் கிளிகள் பயன்படுத்திய பொந்துகளை அடைத்துப் பார்த்த ஒரு சோதனையில், இடமிழந்த கிளிகள் வேறு பொந்துகளைப் பிடித்துக்கொள்ள, அங்கே நட்ஹாட்சுகளின் எண்ணிக்கை குறைந்தது. போட்டி உண்மைதான் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் பிரிட்டனில் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து 2011இல் வெளிவந்த ஆய்வு, நட்ஹாட்ச் உட்படப் பொந்தில் கூடு கட்டும் உள்ளூர்ப் பறவைகளின் மொத்த எண்ணிக்கையில் கிளிகளால் தெளிவான சரிவு ஏற்பட்டதாகக் காணவில்லை. இரண்டும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. ஒரு பொந்துக்காக நடக்கும் சண்டையில் நட்ஹாட்ச் தோற்கலாம். இங்கிலாந்தில் பொந்துள்ள பழைய மரங்கள் இன்னும் போதுமான அளவு இருப்பதால் அந்தத் தோல்வி நாடு தழுவிய எண்ணிக்கையில் தெரியாமல் போகலாம். இது என் விளக்கம். கிளிகள் இன்னும் பெருகினால் இந்தக் கணக்கு மாறக்கூடும், அந்த ஆய்வின் தரவும் பழையதாகிவிட்டது.

எனக்குக் கவலை தருவது ஸ்பெயின் செய்திதான். செவில் நகரப் பூங்கா ஒன்றில் கிளிகள் மரப்பொந்துகளில் வசித்த அரிய பெரிய வௌவால்களைத் தாக்கித் துரத்துவதை ஆய்வாளர்கள் நேரிலேயே பார்த்துப் பதிவு செய்தார்கள். 14 ஆண்டுகளில் வௌவால்கள் தங்கிய மரங்களின் எண்ணிக்கை 81 சதவீதம் குறைந்தது. அந்தப் பூங்காவில் நடந்தது லண்டனின் ரிச்மண்ட் பூங்காவில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. இங்கே உள்ள வௌவால் இனம் வேறு, மரங்களின் நெருக்கம் வேறு. ஆனாலும் "கிளி பாவம், அது பாட்டுக்கு இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. பழத்தோட்டக்காரர்களுக்கும் மனத்தாங்கல் உண்டு. சர்ரேயின் பெயின்ஸ்ஹில் திராட்சைத் தோட்டத்தில் கிளிகள் அறுவடையைச் சூறையாடியது ஒரு காலத்தில் பத்திரிகைகளில் அடிபட்டது.

உங்கள் தீனிக் கூட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2014இல் வெளியானது. லண்டன் தோட்டங்களில் தீனிக் கூட்டின் அருகே கூண்டில் ஒரு கிளியை வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முறை அதே அளவுள்ள உள்ளூர்ப் பறவையான மரங்கொத்தியை வைத்தார்கள். கிளி இருக்கும்போது புளூ டிட், கிரேட் டிட் என்ற சிறு தோட்டப் பறவைகள் குறைவாகவே வந்தன, வந்தவையும் தின்பதைவிடச் சுற்றுமுற்றும் பார்ப்பதில்தான் அதிக நேரம் செலவிட்டன. கிளிகள் ஏற்கெனவே பரவியிருந்த பகுதிகளில் இந்தப் பயம் கொஞ்சம் தணிந்திருந்தது. என் கண்ணில் படுவதும் இதேதான். பந்தியில் முதல் வரிசையைப் பிடித்துக்கொண்ட உறவுக்காரர்களைப் போலக் கிளிகள் கூட்டை அடைத்துக்கொள்ளும், கிளி எழுந்து போன மறு நிமிடம் டிட்டுகள் வந்துவிடும். பட்டினி கிடந்து சாவதில்லை, ஆனால் நேரம் இழக்கின்றன. டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லாத நாட்டில் ஒரு சிறு பறவைக்கு அது சின்ன இழப்பும் இல்லை.

ஆக, "ஒழித்துவிடும்" என்பது இன்றைய சான்றுகளுக்கு மிஞ்சிய சொல். "தொந்தரவு கொடுக்கும்" என்றால் பெரியவரோடு நானும் உடன்படுவேன். நீங்கள் கடலை வைப்பது தப்பில்லை. ஒரு தோட்டத்துக் கடலையால் லண்டன் கிளிகளின் தொகை ஏறப்போவதும் இல்லை, இறங்கப்போவதும் இல்லை. ஆனால் சிறு பறவைகளுக்காக வைத்ததைச் சிறு பறவைகள் தின்ன வேண்டும் என்றால் ஏற்பாட்டை மாற்றுங்கள். தீனிக் குழாயைச் சுற்றி அகலமான கம்பிக் காப்பு உள்ள கூடுகள் கடைகளில் கிடைக்கும். டிட்டுகளும் ராபினும் உள்ளே நுழையும், கிளியும் அணிலும் வெளியே நிற்கும். காப்புக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி தாராளமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கிளி கழுத்தை நீட்டி எட்டிவிடும். கருப்பாகப் பொடியாக இருக்கும் நைஜர் விதையை அதற்கென்றே உள்ள குழாயில் வைத்தால் கோல்ட்ஃபிஞ்சுகள் வரும், கிளிகளுக்கு அதில் அவ்வளவு நாட்டம் இல்லை. மிளகாய்த்தூள் தடவுவது அணிலிடம் பலிக்கலாம், கிளியிடம் பலிக்காது. பறவைகளுக்குக் காரம் உறைக்காது என்பது மிளகாய்ப்பழம் தின்னும் கிளியைப் பார்த்த எவருக்கும் தெரிந்ததே.

தூய்மை இதைவிட முக்கியம், அதைப் பலர் கண்டுகொள்வதில்லை. டிரைக்கோமோனோசிஸ் என்ற நோய் தீனி வைக்கும் இடங்களில் எச்சில் வழியாகப் பரவி கிரீன்ஃபிஞ்ச் பறவைகளை வாரிக்கொண்டு போயிருக்கிறது. அந்த இனம் 2021இல், மிகவும் கவலைக்கிடமான பறவைகளைக் குறிக்கும் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. தட்டையான தீனி மேசைகளின் விற்பனையை ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு 2025 தொடக்கத்தில் நிறுத்திவைத்ததற்கும் இந்த நோய்தான் காரணம். வாரம் ஒருமுறையாவது கூட்டைக் கழுவிக் காயவைத்து, தொங்கவிடும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள். உப்புக் கடலை, வறுத்த கடலை வேண்டாம். பறவைகளுக்கென்று பூஞ்சை நச்சு சோதித்து விற்கும் கடலையையே வாங்குங்கள். மிஞ்சிய சாதத்தைத் தோட்டத்தில் கொட்டும் நம்மவர் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், கிளிக்கு முன்னால் எலி வந்துவிடும்.

யாரிடமும் தெரிவிக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு கிளி வந்தாலும், காலில் வளையத்தோடு கையருகே வந்து உட்கார்ந்தாலும் அது யாருடைய வளர்ப்புப் பறவையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம், அக்கம்பக்கத்தில் சொல்லிப் பாருங்கள். சாம்பல் நிற முகமும் மார்பும் கொண்ட, குச்சிகளை அடுக்கிப் பெரிய கூடு கட்டும் கிளியைக் கண்டால் அது மாங்க் கிளி. மின்கம்பங்களில் கூடு கட்டிப் பிரச்சினை செய்யும் என்பதால் 2011 முதல் அரசு அதை அகற்றி வருகிறது. படம் எடுத்து அயல் உயிரினச் செயலகத்துக்கு அனுப்பலாம். பச்சைக்கிளிக்குச் சட்டத்தில் இருக்கும் நிலை விநோதமானது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அதைக் கூண்டில் அடைத்து வைப்பது குற்றம். இங்கே மற்றக் காட்டுப் பறவைகளைப் போலவே 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் காக்கிறது, ஆனால் பயிர்ச்சேதம் போன்ற கடுமையான காரணங்களுக்காக நிலச் சொந்தக்காரர்கள் கொல்வதற்கு 2010 முதல் இங்கிலாந்தில் பொது உரிமம் இருக்கிறது. அதிகாலைக் கூச்சல் அந்தக் காரணங்களில் வராது. உரிமத்தின் நிபந்தனைகளும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. பிடித்துக்கொண்டுபோய் வேறு எங்காவது விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அயல் இனத்தைக் காட்டில் விடுவது அதே சட்டத்தில் தனிக் குற்றம்.

உள்ளூர்ப் பறவைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் கிளியை விரட்டுவதைவிடக் கூட்டுப்பெட்டி மாட்டுவது பலன் தரும். புளூ டிட்டுக்கு 25 மில்லிமீட்டர் வாசல் போதும், கிரேட் டிட்டுக்கு 28 மில்லிமீட்டர், நட்ஹாட்சுக்கு 32 மில்லிமீட்டர். இந்த அளவில் கிளியால் நுழைய முடியாது. வாசலைச் சுற்றி உலோகத் தகடு அடித்துவிட்டால் எந்த அலகும் பல்லும் மரத்தைக் கொறித்துப் பெரிதாக்காது. நட்ஹாட்ச் குடிவந்தால் வாசலோரம் தானே மண் பூசி இன்னும் சுருக்கிக்கொள்ளும். வெயில் நேரே அடிக்காத வடகிழக்குப் பக்கமாக மாட்டுங்கள். இலையுதிர் காலமே நல்லது, தவறினால் பிப்ரவரி நடுவுக்குள்ளாவது மாட்டிவிடுங்கள்.